சந்தேகத்தை எங்கே சொல்வது?

கோலார் தங்கவயலின் சுரங்கப் பணி 2001 பிப்ரவரி 28 அன்று நின்றது. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்கே காலடி வைத்தது முதல் கணக்கிட்டால் அது 120 ஆண்டுக் காலப் பணி. சுரங்கம் மூடப்பட்டதே தவிர, சுரங்கத்தின் பொருள்கள் மறைந்துவிடவில்லை. எண் பொறித்த பித்தளை டோக்கன், கார்பைடு விளக்கு, தலைக்கவசம், சம்பளச் சீட்டு, குழுப் புகைப்படம் என அவை ஊரிகம், சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம் பகுதிகளின் லைன் வீடுகளில், பரண்மீதும் பெட்டியடியிலும் தங்கிவிட்டன. பல பொருள்கள் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போயின. இன்று காலை இரயிலில் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் பிள்ளைகள், அன்று எடைக்குப் போனவற்றை நல்ல விலை கொடுத்துத் தேடுகிறார்கள். பழைய நாணயம், அஞ்சல்தலை ஆகியவற்றோடு தங்கவயல் பொருள்களைச் சேகரிப்போருக்கும் இன்று கைப்பேசியில் தனிக் குழுக்கள் உண்டு.

அத்தகைய குழு ஒன்றின் உறுப்பினரான வாடிக்கையாளர் ஒருவர் சில காலத்திற்கு முன் நம் கிளைக்கு வந்தார். அடையாளம் வெளிப்படாதபடி சில விவரங்களை விடுத்து அவர் கதையைக் கூறுகிறோம். அவருடைய தந்தை சுரங்கத்தில் பணிபுரிந்து மறைந்தவர். தந்தையின் டோக்கன் எண் மகனுக்கு நினைவிருந்தது. டோக்கன் வீட்டில் இல்லை. ஒரு நாள் அந்த எண்ணைக் குறிப்பிட்டு, தந்தையைப் பற்றிய நான்கு வரிகளைக் குழுவில் எழுதினார். மூன்று நாள் கழித்து, குழுவில் ஓராண்டாகப் பொருள் விற்றுவந்த ஒருவர் தனிச் செய்தியில் ஒரு படம் அனுப்பினார். அதே எண் பொறித்த டோக்கன் அது. விலை 4,000 ரூபாய். வாடிக்கையாளர் அன்றே பணம் அனுப்பினார். பதினைந்து நாள் கழித்து, பொதி கட்டவும் காப்பீடு செய்யவும் என்று மேலும் 2,500 ரூபாய் கேட்கப்பட்டது. அதையும் அனுப்பினார். பிறகு அந்த எண்ணிலிருந்து பதில் இல்லை.

நம் எதிரே அமர்ந்து அவர் சொன்னது இது: “பணம் போனால் போகட்டும் சார். அப்பாவுடைய டோக்கன் யாரிடமோ இருக்கிறது என்று நம்பிவிட்டேனே, அதுதான் தாங்கவில்லை.”

அந்தப் படத்திலிருந்த எண், கணினியில் மாற்றி எழுதப்பட்டது என்பது பின்னர் தெரிந்தது. அதே டோக்கனை, அதே கீறலோடு, வேறு எண்ணில் இன்னொரு உறுப்பினருக்கும் அந்த ஆள் காட்டியிருந்தார்.

நம்மைச் சிந்திக்க வைத்தது இதற்குப் பின் வந்த செய்தி. குழுவில் ஐந்து பேருக்கு முன்னரே அவர்மீது சந்தேகம் இருந்திருக்கிறது. ஒருவர் பணம் கொடுத்துப் பொருள் பெறாதவர், வெட்கத்தால் சொல்லவில்லை. ஒருவர் படத்தின் பொய்யைக் கண்டுகொண்டவர். நமக்கேன் வம்பு என்று இருந்துவிட்டார். மற்றொருவர், ஆதாரமின்றிச் சொன்னால் மானநட்ட வழக்கு வருமோ என்று அஞ்சினார். ஏனைய இருவரும், பழகிய மனிதரைப் பற்றி எப்படிச் சொல்வது என்று தயங்கினர். ஐவரில் ஒருவர் வாய் திறந்திருந்தாலும் அந்த 6,500 ரூபாய் போயிருக்காது. ஒரு மகனின் நெஞ்சில் இந்தப் புண்ணும் ஏற்பட்டிருக்காது.

அப்படியானால் சந்தேகம் தோன்றியதும் குழுவில் உரக்கக் கூவிவிடலாமா? அதன் விளைவையும் நாம் கண்டிருக்கிறோம். ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் தம்மிடமிருந்த பழைய நாணயங்களையும் சுரங்க விளக்குகளையும் அவ்வப்போது விற்றுவந்தார். ஒரு முறை பொருள் போய்ச் சேரத் தாமதமாயிற்று. பன்னிரண்டாம் நாள், வாங்கியவர் அவரை ‘மோசடிப் பேர்வழி’ என்று குறிப்பிட்டு, புகைப்படத்தையும் கைப்பேசி எண்ணையும் குழுவில் இட்டார். பலர் அதைப் பிற குழுக்களுக்குப் பரப்பினர். நள்ளிரவிலும் வசை அழைப்புகள் வந்தன. உண்மையில் அவர் கண்புரை அறுவைச் சிகிச்சைக்குச் சென்றிருந்தார். பதினான்காம் நாள் பொருள் பத்திரமாகச் சென்று சேர்ந்தது. வசை எழுதியவர்களில் எவரும் திருத்தம் எழுதவில்லை. கணக்கோடு இணைந்த கைப்பேசி எண்ணை மாற்றித்தரக் கோரி, பேத்தியின் துணையோடு அவர் நம் கிளைக்கு வந்தபோதுதான் இவையெல்லாம் நமக்குத் தெரிந்தன. அதற்குப் பிறகு அவர் எதையும் விற்கவில்லை.

மௌனம் ஒருவரின் பணத்தைக் கொண்டுபோனது. கூச்சல் இன்னொருவரின் பெயரைக் கொண்டுபோனது. இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வழி உண்டு என்பதே நம் கருத்து. அது புதிய வழியுமன்று. வங்கியில் நாள்தோறும் நாம் நடக்கும் வழிதான்.

கையொப்பம் ஒத்துவராத காசோலை ஒன்று வருகிறது. நாம் உடனே பணம் கொடுத்துவிடுவதில்லை. கொண்டுவந்தவரைத் திருடர் என்று அழைப்பதும் இல்லை. பணத்தை நிறுத்தி வைக்கிறோம். கணக்குக்கு உரியவரிடம் கேட்கிறோம். கேட்டதைக் குறித்து வைக்கிறோம். பெரும்பாலும் அது முதுமையால் நடுங்கிய கையெழுத்தாகவே இருக்கும். சிற்சில வேளைகளில் வேறாகவும் இருக்கும். சந்தேகம் என்பது தீர்ப்பன்று. சரிபார்க்கும்வரை பணத்தை நிறுத்தி வைக்க வேண்டிய கடமை மட்டுமே. சேகரிப்பாளர் குழுக்களும் இதே முறையைக் கைக்கொள்ள வேண்டும்.

பணம் செலுத்துமுன்

முதலாவது, கேள்விகள் எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். தெரிந்தவரிடம் கேட்காமல் தெரியாதவரிடம் மட்டும் கேட்டால் அது அவமதிப்பாகிவிடும். எல்லாரிடமும் கேட்டால் அது நடைமுறை. வாங்குபவரின் பெயரும் அன்றைய தேதியும் எழுதிய தாளோடு பொருளை வைத்துப் புதிதாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம். காணொளி அழைப்பில் பொருளின் இரு புறத்தையும் காட்டச் சொல்லலாம். அனுப்பிய படம் வேறெங்கும் முன்பு வெளியானதா என்று, படத்தைக் கொண்டே தேடும் வசதி இணையத்தில் இருக்கிறது. பொருள் கையில் உள்ளவருக்கு இவை சில நிமிட வேலை. பொருள் இல்லாதவர்தாம் சினம் கொள்வார், அவசரப்படுத்துவார், வேறொருவர் வாங்கக் காத்திருப்பதாகச் சொல்வார்.

இரண்டாவது, பணம் பெறுபவரின் பெயரைப் படிக்க வேண்டும். யூ.பி.ஐ. மூலம் செலுத்தும்போது, கணக்குக்கு உரியவரின் பெயர் திரையில் தோன்றும். விற்பவர் ஒருவராகவும் திரையில் தோன்றும் பெயர் வேறொருவராகவும் இருந்தால், ‘மைத்துனர் கணக்கு’, ‘நண்பர் கணக்கு’ என்ற விளக்கத்தை ஏற்காமல் அங்கேயே நிறுத்திவிடுங்கள். நம் வாடிக்கையாளர் அனுப்பிய பணமும் விற்றவர் பெயரிலான கணக்குக்குப் போகவில்லை. இத்தகைய மோசடிகளில் வாடகைக்கு எடுத்த கணக்குகளே பெரும்பாலும் பயன்படுகின்றன. சில ஆயிரம் ரூபாய்க்காகத் தம் கணக்கையும் அட்டையையும் பிறரிடம் கொடுக்கும் இளைஞர்கள், குற்ற வழக்கில் தாமும் சேர்க்கப்படுவார்கள் என்பதை அறிவதில்லை. இதைத் தம் பிள்ளைகளுக்குப் பெற்றோர் எடுத்துச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, பொருளின் விலைக்கு மேல் பின்னர்க் கேட்கப்படும் எந்தத் தொகையையும் எச்சரிக்கை மணியாகக் கருத வேண்டும். விற்பவரைப் போலவே வாங்குபவரும் ஏமாற்றக்கூடும். 2021 ஜூன் மாதம் பெங்களூரில் 1947-ஆம் ஆண்டு நாணயம் ஒன்றை விற்க இணையத்தில் விளம்பரம் செய்த பெண்மணி ஒருவரிடம், ஒரு கோடி ரூபாய் தருவதாகச் சொன்ன ஆள், வரி முதலான பெயர்களில் ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாயைப் பெற்றுக்கொண்டு மறைந்ததாகச் செய்தி வெளியாயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டு 4 அன்று இந்திய ரிசர்வ் வங்கி பொதுமக்களை எச்சரித்து அறிக்கை வெளியிட்டது. பழைய நோட்டு, நாணய விற்பனையில் தான் ஈடுபடுவதில்லை என்றும், கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்றும், தன் சார்பில் வசூலிக்க எவருக்கும் அதிகாரம் அளிக்கவில்லை என்றும் அது தெளிவாகக் கூறியது. ரிசர்வ் வங்கியின் முத்திரை பதித்த கடிதம் உங்கள் கைப்பேசிக்கு வந்தால், அதுவே அது போலி என்பதற்குச் சான்று. பணம் பெறுவதற்கு இரகசியக் குறியீட்டு எண்ணை இட வேண்டிய தேவை எக்காலத்திலும் இல்லை என்பதையும் இங்கே நினைவூட்டுகிறோம்.

“நல்லவர்களிடமும் இப்படிக் கேட்பது முறையா?” என்று சிலர் வினவுகிறார்கள். வணிகவியல் பயின்ற நமக்கு இதற்கு விடையாக ஊரிகத்தின் பெயரே நினைவுக்கு வருகிறது. கம்பெனிச் சட்டம் படித்தவர்கள் ‘ஊரிகம் தங்கச் சுரங்கக் கம்பெனி எதிர் ரோப்பர்’ என்னும் வழக்கை அறிவார்கள். பண நெருக்கடியில் இருந்த அக்கம்பெனி, ஒரு பவுண்டு முகமதிப்புள்ள பங்குகளை, 15 ஷில்லிங் செலுத்தப்பட்டதாக எழுதிக்கொண்டு, 5 ஷில்லிங் மட்டும் பெற்று வெளியிட்டது. இதில் மறைவு ஏதுமில்லை; கம்பெனியைக் காப்பாற்றும் நோக்கத்தோடு வெளிப்படையாகவே செய்தார்கள். ஆயினும் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1892-இல் அதைச் சட்டத்திற்குப் புறம்பானது என்று தீர்ப்பளித்தது. தாளில் ஒரு பவுண்டு என்று எழுதினால், ஒரு பவுண்டும் வந்து சேர வேண்டும் என்பதே அதன் சாரம். ஏனெனில் அந்தத் தாளை நம்பி நாளை வேறொருவர் நடப்பார். எழுதியவர் நல்லவரா என்ற கேள்வி அங்கே எழவே இல்லை. சொன்னதும் இருப்பதும் ஒன்றாக இருக்கின்றனவா என்று சரிபார்ப்பது, எவரையும் குற்றம் சாட்டுவது ஆகாது.

சந்தேகம் எழுந்த பின்

சந்தேகம் எழுந்தவுடன் முதலில் விற்பவரிடமே எழுத்து மூலம் கேளுங்கள். பொருள் எந்த நாளில், எதன் மூலம் அனுப்பப்பட்டது, அனுப்பிய சீட்டின் எண் என்ன என்று கேட்டு, விடைக்கு இரண்டு நாள் அவகாசம் கொடுங்கள். அதே வேளையில் குழுவின் நிர்வாகியிடமும் சொல்லுங்கள். விடை வரும்வரை அவருடன் புதிய கொடுக்கல் வாங்கல் வேண்டாம் என்று நிர்வாகி அறிவிக்கலாம். அந்த அறிவிப்பில் நடந்தது மட்டும் இருக்க வேண்டும்: ‘இன்ன தேதியில் இவ்வளவு பணம் செலுத்தப்பட்டது, இன்று வரை பொருள் வரவில்லை, விளக்கம் கேட்கப்பட்டுள்ளது.’ இவ்வளவு போதும். ‘திருடர்’ என்ற சொல்லும், வீட்டு முகவரியும், குடும்பப் படமும் வேண்டா. ஏமாற்றுதல் பாரதிய நியாய சங்கிதையின் 318-ஆம் பிரிவில் குற்றம். அவதூறு அதே சட்டத்தின் 356-ஆம் பிரிவில் குற்றம். நல்லெண்ணத்தோடு உண்மையை மட்டும் உரிய இடத்தில் சொல்பவர் இரண்டாவதற்கு அஞ்ச வேண்டியதில்லை. விளக்கம் சரியாக இருந்தால், சந்தேகம் தீர்ந்தது என்பதையும் அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் நிர்வாகி வெளியிட வேண்டும். அந்த முதியவருக்குக் கிடைக்காமற்போனது இந்த ஒரு வரிதான்.

ஆனால் அழைப்புக்குப் பதில் இல்லை, எண் முடக்கப்பட்டுவிட்டது, படம் போலி என்று தெரிந்துவிட்டது என்றால் இரண்டு நாள் காத்திருக்க வேண்டா. இரண்டு நிமிடமும் காத்திருக்க வேண்டா. உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். தேசிய இணையக் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்யுங்கள். உங்கள் வங்கிக்கும் தெரிவியுங்கள். பணம் எந்தக் கணக்குக்குச் சென்றதோ அந்தக் கணக்கில் அதை நிறுத்தி வைக்கும்படி வங்கிகளுக்கு இதன் வழியாகச் செய்தி செல்கிறது. பணம் அங்கே இருக்கும்வரைதான் அதை நிறுத்த முடியும். பரிவர்த்தனை எண், பணம் பெற்ற யூ.பி.ஐ. முகவரி, கைப்பேசி எண், தேதியோடு கூடிய உரையாடலின் ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கோபத்தில் உரையாடலை அழித்துவிடாதீர்கள், சான்று அதுதான். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் அளிக்கப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் வழி இருக்கிறது.

இங்கே ஓர் உண்மையையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வங்கியும் வாடிக்கையாளரும் தவறு செய்யாமல், வாடிக்கையாளரின் அனுமதியின்றிக் கணக்கிலிருந்து பணம் போய், அதை மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால், இழப்பு அவர்மீது விழாது. பலர் இதைக் கேள்விப்பட்டு, எந்த மோசடிக்கும் வங்கி ஈடு செய்யும் என்று எண்ணுகிறார்கள். விற்பவரை நம்பி நீங்களே குறியீட்டு எண்ணை இட்டு அனுப்பிய பணம் அனுமதியின்றிப் போன பணம் ஆகாது. அதைத் திருப்பித் தரும் கடமையை அந்தச் சுற்றறிக்கை வங்கிமீது சுமத்தவில்லை. வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்து இதைச் சொல்வது நமக்கு எளிதன்று. ஆகவேதான் அனுப்புமுன் சரிபார்ப்பதையும், போனவுடன் சொல்வதையும் இவ்வளவு வற்புறுத்துகிறோம்.

நம் வாடிக்கையாளருக்கு நேர்ந்ததே இதற்குச் சான்று. முதலில் அனுப்பிய 4,000 ரூபாய் அன்றே வேறு மாநிலத்தில் ஏ.டி.எம். மூலம் எடுக்கப்பட்டுவிட்டது. இரண்டாவது தொகை அனுப்பி இரண்டு நாளே ஆகியிருந்ததால், கிளையிலிருந்தே 1930-ஐ அழைத்துப் பதிவு செய்தோம். நல்வாய்ப்பாக 2,500 ரூபாய் அந்தக் கணக்கிலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. நீதிமன்ற ஆணை கிடைத்ததும் அது அவர் கைக்கு வரும். முன்பே ஏமாந்த உறுப்பினர் ஒரு மாதம் முன்னால் புகார் செய்திருந்தால் அந்தக் கணக்கு அன்றே முடங்கியிருக்கக்கூடும்.

“இரண்டாயிரம், மூவாயிரத்துக்கு யார் அலைவது?” என்பது அடிக்கடி நாம் கேட்கும் வாதம். தொகை சிறிதாக இருப்பதே இத்தகைய மோசடிக்காரரின் கவசம். ஒவ்வொருவரும் விட்டுவிடும் அளவுக்கே அவர் கேட்கிறார். ஒரு புகாரில் அது சில ஆயிரம் ரூபாய். அதே கணக்கின்மீது இருபது புகார் சேர்ந்தால் அது ஒரு தொழில் என்பது வெளிப்படும். உங்கள் சிறிய புகார் உங்கள் பணத்தை மீட்காமல் போனாலும், உங்களுக்கு அடுத்தவரின் பணத்தைக் காக்கலாம்.

வாங்கியதே சட்டப்படி தவறோ என்ற அச்சத்தாலும் சிலர் வாய் திறப்பதில்லை. பழைய நாணயம் சேகரிப்பது குற்றமன்று. நூறாண்டு கடந்த நாணயமும் கலைப்பொருளும் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள்கள்; அவற்றை விற்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும்; தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. மதிப்பிழந்த பழைய 500, 1,000 ரூபாய் நோட்டுகளை ஆய்வுக்காகவோ நாணயவியல் ஆர்வத்துக்காகவோ 25 வரை வைத்திருக்கலாம். இந்த வரம்புகளை அறிந்துகொண்டால், ‘போலீசுக்குப் போனால் உனக்கும் சிக்கல்’ என்ற மிரட்டல் பலிக்காது.

இவ்வளவு கேள்வியும் பதிவும் வந்துவிட்டால், குழுவின் நட்பும் மகிழ்ச்சியும் போய்விடாதா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறோம். நம் வாடிக்கையாளர் தேடிய அந்தப் பித்தளை டோக்கனையே எண்ணிப் பாருங்கள். சுரங்கங்களில் டோக்கன் எதற்காக ஏற்பட்டது? கீழே இறங்குமுன் தொழிலாளர் தம் எண்ணைப் பதிவு செய்வார். மேலே வந்ததும் கணக்கை நேர் செய்வார். பணிநேரம் முடிந்தும் ஓர் எண் கணக்கில் சேராவிட்டால், ஒருவர் இன்னும் உள்ளே இருக்கிறார் என்று பொருள். தேடிப் போக ஆள் புறப்படும். தொழிலாளர்மீது ஐயம் கொண்டு மட்டும் அந்த எண்ணைக் கேட்கவில்லை. அவர் திரும்பி வரவில்லை என்றால் யாருக்காவது தெரிய வேண்டும் என்பதற்காகவும் கேட்டார்கள்.

சேகரிப்பாளர் குழுக்களில் நாம் வேண்டுவதும் அத்தகைய கணக்குத்தான். ஒருவர் பணம் அனுப்பினார்; பொருள் வரவில்லை. அதைக் கேட்கவும், குறித்து வைக்கவும், உரிய இடத்தில் சொல்லவும் ஒருவராவது இருக்க வேண்டும். உங்கள் குழுவில் அந்த ஒருவராக நீங்கள் இருங்கள். உதவி தேவைப்பட்டால், தொகை எவ்வளவு சிறிதாயினும், வெட்கப்படாமல் அன்றே கிளைக்கு வாருங்கள்.